டைட்டன் கடலில் முங்கப்போகும் ‘ஆவுளியா’: எங்கே ஓட்டை, சொல்லுங்க

பாம்பன்_வாடை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு தொடர்கதை எழுதிக்கிட்டு இருக்கேன். நாயகி ஒரு விண்கலம், பேரு ஆவுளியா. சனிக்கோளோட பெரிய நிலா டைட்டன்ல கிராக்கன் மாரேன்னு ஒரு கடல் இருக்கு. பரப்பு ஏறக்குறைய 4 லட்சம் சதுர கிலோமீட்டர். உள்ள இருக்கறது தண்ணி இல்ல, திரவமா இருக்கிற மீத்தேனும் ஈத்தேனும். குளிர் மைனஸ் 179 டிகிரி.

கோள்களையும் நிலாக்களையும் ஆராயப் போன கலங்கள் சுத்தி வந்திருக்கு, இறங்கி உக்காந்திருக்கு, சக்கரத்துல உருண்டிருக்கு, செவ்வாய்ல பறந்துகூட இருக்கு. நீந்தினது இன்னும் ஒண்ணும் இல்ல. என் கலம் முங்கி அடிமண்ணைத் தொடும், மேல வந்து பூமியோட பேசும், மறுபடி முங்கும். நம்ம ஊர் ஆவுளியா, அதான் கடல்பசு, புல்லு மேயப் போறதும் மூச்சு விட வர்றதும் இப்படித்தான், அதான் இந்தப் பேரு.

கதைப்படி அளவு: நீளம் 4 மீட்டர், குறுக்களவு 60 சென்டிமீட்டர், எடை 800 கிலோ. ஓடு 1 சென்டிமீட்டர் தடிமன் டைட்டானியம். மின்சாரத்துக்கு புளூட்டோனியம்-238 அணு மின்கலம் ஒண்ணு. வேகம் வினாடிக்கு 1 மீட்டர். போய்ச் சேர்ற வருஷம் 2034.

கிராக்கன் கடல் ரெண்டு பாகமா இருக்கு. நடுவுல ஒரு குறுகலான நீரிணை, அகலம் 17 கிலோமீட்டர் வாக்குல. நாலாவது அத்தியாயத்துல ஆவுளியா அதுக்குள்ள நுழையுது. எதிர்நீரோட்டம் அடிக்குது. நம்ம மண்டபம் ஊர்ல கட்டுப்பாட்டு அறையில இருக்கிற நம்ம பொண்ணு “முழு வேகம் கொடு, இடது பக்கம் திருப்பு”ன்னு கத்திக் கத்தி கலத்தைக் கரைசேர்க்குறா. அதுதான் உச்சக்கட்டம்.

கடல் தெரிஞ்சவங்களும் விஞ்ஞானம் தெரிஞ்சவங்களும் இங்க இருக்கீங்க. அச்சுக்குப் போகுமுன்ன ஓட்டைகளைச் சொல்லிடுங்க.

---

கடலாடி_குமரன்

பேரு அருமை! ஈர்ப்பு அங்க நம்மள்ல ஏழுல ஒரு பங்குதானே? அப்ப 800 கிலோன்னாலும் தக்கை மாதிரி மிதக்கும். முங்க வைக்கறதுதான் கஷ்டம்.

---

தேவிபட்டினம்_தச்சு

குமரா, நில்லு. நாங்க மூணு தலைமுறையா வத்தை (நாட்டுப்படகு) கட்டுறவங்க. மிதக்குறதுக்கும் ஈர்ப்புக்கும் சம்பந்தமே இல்ல. கலத்தோட கனம் ஏழுல ஒண்ணாச்சுன்னா, அது ஒதுக்குற திரவத்தோட கனமும் ஏழுல ஒண்ணாயிடும். கணக்கு அப்படியே நிக்கும். பார்க்க வேண்டியது அடர்த்தி.

நம்ம கடல்தண்ணி ஒரு கனமீட்டர் 1025 கிலோ. திரவ மீத்தேன் 450 கிலோ வாக்குல. ஈத்தேன் 650. கிராக்கன்ல ரெண்டும் கலந்து கிடக்குது.

தம்பி சொன்ன அளவுக்கு உருளைக் கணக்கு போட்டேன்: 4 மீட்டர் நீளம், 60 சென்டி குறுக்கு, கனஅளவு 1.13 கனமீட்டர். பாம்பன்ல இறக்கினா 1150 கிலோ வரைக்கும் தாங்கும், ஜம்முனு மிதக்கும். சுத்த மீத்தேன்ல 510 கிலோதான் தாங்கும். முழுசா ஈத்தேனாவே இருந்தாலும் 735. உன் கலம் 800. இறங்கின நிமிஷமே கல்லு மாதிரி அடிக்குப் போயிடும், ரெண்டாவது அத்தியாயத்துலயே கதை முடிஞ்சுது.

குறுக்களவை 76 சென்டிக்கு ஏத்து, அப்பத்தான் மீத்தேன்லயும் தலை தூக்கும். மூக்கையும் வாலையும் கூராக்கினா கனஅளவு இன்னும் குறையும், அதுக்கும் சேர்த்து விட்டுக்கொடுத்துப் போடு.

இன்னொண்ணு. நம்ம ஊர்ல ஒரு முழம் அமிழுற நேர்ச்சுவர்ப் படகு அங்க ரெண்டு முழம் வாக்குல அமிழும். ஐஸ்கட்டி மிதக்காது, முங்கிடும். ஐஸ் 920 கிலோ ஆச்சே.

---

வாத்தியார்_உச்சிப்புளி

தச்சர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றத் தேவையில்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதை அப்படியே வாசித்துக் காட்டப் போகிறேன்.

இன்னொரு பெரிய ஓட்டை மண்டபம் கட்டுப்பாட்டு அறை. சனி நம்மிடமிருந்து 120 கோடி முதல் 165 கோடி கிலோமீட்டர் வரை போய் வரும். ஒளி அங்கே போய்ச் சேரவே 70 நிமிடத்திலிருந்து 90 நிமிடம். அந்தப் பெண் “இடது பக்கம்” என்று கத்தி, கலம் திரும்பியதா என்று தெரிந்துகொள்வதற்குள் ராமநாதபுரத்தில் பஸ் ஏறியவர் மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கி டீ குடித்திருப்பார். 2005 ஜனவரி 14இல் ஹைகன்ஸ் என்ற ஆய்வுக்கலம் டைட்டனில் இறங்கியபோது இறக்கம் முழுவதும் இரண்டரை மணி நேரம்தான். யாரும் ஓட்டவில்லை, அதுவாகவே இறங்கியது. உங்கள் ஆவுளியாவுக்கும் சொந்த மூளை வேண்டும்.

---

பாம்பன்_வாடை

குறுக்களவு மாத்தியாச்சு தச்சரே. ஆனா வாத்தியார் சார், அந்தப் பொண்ணை எடுத்துட்டா கதையில மனுஷங்களே இல்லாம போயிடும்.

---

வாத்தியார்_உச்சிப்புளி

பெண் இருக்கட்டும். கத்த வேண்டாம், காத்திருக்கட்டும். முன்கூட்டியே கட்டளைகளை எழுதி அனுப்பிவிட்டு விடியும்வரை பதிலுக்கு உட்கார்ந்திருப்பவளை எழுதிப் பாருங்களேன். கடலுக்குப் போன ஆளுக்காகக் கரையில் நிற்கிற குடும்பம் இந்த மாவட்டத்தில் எத்தனை!

---

ராமேஸ்வரம்_ரசிகன்

ஹைகன்ஸைச் சுமந்துக்கிட்டு போன காசினி கிளம்பினது 1997 அக்டோபர் 15. கலாம் ஐயா பிறந்தநாள்! இதைக் கதையில சேர்த்தே ஆகணும்.

---

மண்டபம்_டிரைவர்

எதுக்கெடுத்தாலும் ஐயாவை இழுக்காதீங்கப்பா. அவரே இருந்தா முதல்ல எடைக் கணக்கைத்தான் கேட்டிருப்பாரு.

---

தொண்டி_ரேடியோ

பெங்களூருவில் ஆண்டெனா வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் தொண்டி. கதையின் ஆதாரத்தையே கொஞ்சம் ஆட்டப் போகிறேன், கோபிக்காதீர்கள்.

ஆவுளியா பேசுவதற்கு மேலே வரவேண்டிய கட்டாயம் இல்லை. நம் கடலில் ரேடியோ அலை சில அடி இறங்குவதற்குள் செத்துவிடும், காரணம் உப்புத்தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். திரவ மீத்தேன் கடத்தாது, ரேடியோவுக்கு அது கண்ணாடி. காசினியின் ரேடார் 2013இல் லிஜியா மாரே என்ற கடலுக்கு மேலே போனபோது அதன் அலை திரவத்தைத் துளைத்து அடித்தரையில் பட்டுத் திரும்பி வந்தது. அந்த இரண்டு எதிரொலிக்கும் இடைப்பட்ட நேரத்தை வைத்துத்தான் ஆழம் சுமார் 160 மீட்டர் என்று கணக்கிட்டார்கள். மேலே சுற்றுகிற துணைக்கலம் ஒன்று இருந்தால் ஆவுளியா அடியில் கிடந்தபடியே அதோடு பேசலாம்.

நேரே பூமியோடு பேசுவது வேறு கதை. திரவத்திலிருந்து வெளியே வரும் இடத்தில் அலை வளையும். மேற்பரப்பு ஆடினால் கற்றையும் ஆடும். கலத்தில் பொருத்தக்கூடிய சின்ன ஆண்டெனாவிலிருந்து 120 கோடி கிலோமீட்டருக்கு வரும் சமிக்ஞை ஏற்கெனவே பலவீனம். எனவே பூமியோடு நேரடியாகப் பேச மட்டும் மேலே வரட்டும், உங்கள் கடல்பசு பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் 2034இல் அதுவும் நடக்காது. சனியின் ஆண்டு நமக்கு 29 ஆண்டுக்கு மேல், பருவம் ஒவ்வொன்றும் ஏழு ஆண்டுக்கு மேல். வடகோளத்தில் கோடை உச்சம் 2017இல், இலையுதிர் சமநாள் 2025இல் முடிந்துவிட்டது. 2030களின் பெரும்பகுதி அங்கே குளிர்காலம். வடதுருவத்தை ஒட்டிய லிஜியாவிலும் கிராக்கனின் வடபாதியிலும் அந்தக் காலம் முழுக்கச் சூரியன் எழாது. சனியிலிருந்து பார்த்தால் பூமி சூரியனை ஒட்டியே நிற்கும், அதுவும் எழாது. மேலே வந்து எவ்வளவு நேரம் மூச்சுவிட்டாலும் கேட்க ஆள் இல்லை. நாசாவின் டிராகன்ஃபிளை என்ற கலம் 2034இல்தான் போய்ச் சேர இருக்கிறது. அது இறங்குவது மத்தியரேகையை ஒட்டிய மணல்மேடுகளில். கடல் பக்கம் போகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒன்று, துணைக்கலம் அனுப்புங்கள். இல்லையா, கதையை 2040க்குப் பிறகு தள்ளுங்கள்.

---

பாம்பன்_வாடை

துணைக்கலம் வேண்டாம், அவ தனியா இருக்கறதுதான் கதை. 2041ன்னு மாத்திக்கிறேன். நாயகி இப்ப ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற பொண்ணாயிட்டா, பரவாயில்ல.

---

கீழக்கரை_சங்கு

வாப்பா சங்கு குளிச்சவங்க, நானும் கொஞ்ச காலம் முங்கியிருக்கேன். அந்த 1 சென்டி ஓடு எதுக்கு? நாலு பாகம் (ஒரு பாகம் ஆறு அடி) இறங்கினாலே காதுக்குள்ள கம்பி குத்துற மாதிரி ஆகும், மூக்கைப் பிடிச்சு ஊதினாத்தான் அடங்கும். இங்க பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுது.

அங்க திரவமும் லேசு, ஈர்ப்பும் லேசு. ரெண்டையும் பெருக்கிப் பார்த்தேன். நூறு மீட்டர் இறங்கினா கூடுற அழுத்தம் முக்கால் வளிமண்டலம் கூட இல்ல. அதாவது நாங்க நாலு பாகத்துல படுற பாடு. மேற்பரப்புலயே காத்து அழுத்தம் நம்மள்ல ஒண்ணரை மடங்கு இருக்குன்னு போட்டிருக்கு, அதையும் சேர்த்தாலும் ரெண்டேகால் கிட்டத்தான் வரும். கிராக்கனோட நடுவுல 300 மீட்டர் வரைக்கும் ஆழம் இருக்கலாங்கறாங்க. அங்க போனாலும் ஒரு நல்ல சங்குகுளி ஆளு தாங்குற அழுத்தம்தான். குளிர்ல செத்துருவான், அது வேற.

மெல்லிசு ஓடு போதும் தம்பி. மிச்சப்படுற எடையில கருவி ஏத்து.

---

தேவிபட்டினம்_தச்சு

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொல்றது நூத்துக்கு நூறு. ஓட்டோட தடிமனைக் கொறச்சா நான் சொன்ன 76 சென்டியும் கொறையும்.

---

வாலிநோக்கம்_அலை

லிஜியாவுல 2013இல் திடீர்னு ரேடார் படத்துல ஒரு வெளிச்சத் திட்டு தெரிஞ்சு அப்புறம் காணாம போச்சே, ‘மாயத்தீவு’ன்னு பேரு வச்சாங்களே, அது கதையில வருமா? அலையா, குமிழியா, மிதக்குற திடப்பொருளான்னு பலவிதமா சொன்னாங்க. மன்னார் வளைகுடாவுல 21 தீவுல பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் கடலுக்குள்ள போயிட்டுது. நம்ம ஆளுங்களுக்கு அந்த அத்தியாயம் சட்டுனு புரியும்.

---

தொண்டி_ரேடியோ

குமிழி என்றதும் நினைவுக்கு வந்தது, பாம்பன்_வாடை கவனிக்கவேண்டிய இடம் இது. செவ்வாய் வண்டிகளில் இருக்கும் வகை அணு மின்கலம் என்றால் புதிதில் 110 வாட் மின்சாரம் தரும். ஆனால் அது வெளியிடும் வெப்பம் 2000 வாட். டைட்டனின் காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன், அது மீத்தேனில் கரைந்து கிடக்கும். சூடு பட்டால் கரைந்த நைட்ரஜன் குமிழியாக வெளியேறும். ஆவுளியா சும்மா நின்றாலே உடம்பு முழுக்கக் குமிழி பூக்கும். ஒலிமானி (சோனார்) குமிழியில் பட்டுக் குருடாகும். குமிழிக் கூட்டம் புரொப்பெல்லருக்குள் போனால் பிடிப்பு போய்விடும்.

முங்கி எழும் தொட்டியிலிருந்து திரவத்தை வெளியே தள்ள அங்கேயே கிடைக்கும் நைட்ரஜனைப் பிடித்துப் பயன்படுத்தலாம் என்று சிலருக்குத் தோன்றும். அது கரைந்து காணாமல் போகும். கரையாத ஹீலியம் கொண்டுபோங்கள், அல்லது பிஸ்டனால் தள்ளுங்கள்.

---

மண்டபம்_டிரைவர்

இப்ப நான் பேசுறேன். நாலாவது அத்தியாயம் பத்தி.

தம்பி, நீ பாம்பன்காரன்தானே? பாலத்துக்குக் கீழ கால்வாயில ஓட்டம் ஓடுறப்ப எவனாவது முழு வேகம் கொடுத்து எதிர்த்து ஏறிப் பார்த்திருக்கியா? வாடைக் காலத்துல தண்ணி பாக் விரிகுடாவிலிருந்து மன்னார் பக்கம் இறங்கும். கச்சான் (தென்மேற்குக் காத்து) காலத்துல மன்னார்லேர்ந்து வடக்க ஏறும். அதுக்கு மேல வேலியேத்தம், வத்தம் (கடல் ஏறி இறங்கறது) வேற. ஓட்டம் எதிரா இருந்தா தெக்குவாடியிலயோ வடக்கயோ நங்கூரம் போட்டுட்டு டீ போடுவோம். மாறினதும் போவோம். எதிர்த்து ஓட்டினா டீசலும் போகும், சமயத்துல படகு பாலத்துத் தூணுலயும் போய்ச் சாத்தும்.

உன் கலத்துக்கு அங்க டீசல் பங்க்கும் கிடையாது, இழுத்துட்டு வர இழுவைப் படகும் கிடையாது. அதை ஏன் வீரமா எழுதுற? கடல் தெரிஞ்சவன் படிச்சா சிரிப்பான்.

---

பாம்பன்_வாடை

அண்ணே, கோபம் புரியுது. ஆனா கதைன்னா ஒரு மோதல் வேணும். கலம் ஒதுங்கி நின்னு ஓட்டம் மாறக் காத்திருந்துச்சுன்னு எழுதினா யாரு படிப்பா?

---

மண்டபம்_டிரைவர்

ராத்திரி பூரா நங்கூரத்துல கிடந்து பாரு, எவ்வளவு மோதல் இருக்குன்னு தெரியும். கயிறு விண்ணுனு இழுக்கும். நங்கூரம் பத்து அடி நகர்ந்துச்சா, பாசியில மாட்டுச்சான்னு கயித்து மேல காலை வச்சுத்தான் பார்ப்போம். அடி உழுறது கால்ல அதிரும். ஒருத்தனும் தூங்க மாட்டான்.

---

வாத்தியார்_உச்சிப்புளி

டிரைவர் அண்ணன் பக்கம் கணக்கும் நிற்கிறது. டைட்டன் சனியை ஒரு முறை சுற்ற ஏறக்குறைய 16 நாள். எப்போதும் ஒரே முகத்தைத்தான் சனிக்குக் காட்டும், அப்படியானால் ஓதம் இருக்கக்கூடாதே என்று தோன்றும். ஆனால் அதன் பாதை சரியான வட்டமில்லை. சனிக்குக் கொஞ்சம் கிட்டே வரும், கொஞ்சம் விலகும், அந்த இழுப்பு வித்தியாசத்தில் கடல் ஒரு பக்கம் ஒதுங்கி மறுபடி திரும்பும். கிராக்கனின் தென்பாகமும் வடபாகமும் அந்த நீரிணை வழியாகத்தான் திரவத்தைக் கொடுத்து வாங்கவேண்டும். ஆக எட்டு நாள் ஒரு பக்கம், எட்டு நாள் மறுபக்கம் என்று ஓட்டம் மாறும்.

வேகம் எவ்வளவு? கணினி மாதிரிகள் வினாடிக்குச் சில பத்து சென்டிமீட்டர் என்ற அளவில் சொல்கின்றன. காசினி அனுப்பிய ரேடியோ அலை கடலில் பட்டுப் பூமிக்குத் தெறித்து வந்ததை ஆராய்ந்து 2024இல் ஒரு கட்டுரை வந்தது. கடல் பரப்பு மொத்தமாகவே மில்லிமீட்டர் கணக்கில்தான் சிலிர்க்கிறது. ஆனால் ஆறு கலக்கும் வாயிலும் நீரிணையிலும் அந்தச் சிலிர்ப்பு கொஞ்சம் கூடுதல். ஓட்டம் இருப்பதற்கு அது அடையாளம்.

இதில் கதைக்கு ஒரு சிக்கல் உண்டு. வினாடிக்கு 1 மீட்டர் ஓடும் கலத்துக்கு 30, 40 சென்டிமீட்டர் ஓட்டம் எதிரியே இல்லை. ஏறிவிடும். முழு வேகத்தில் எதிர்த்துப் போராடும் உச்சக்கட்டம் இயற்பியலிலும் நிற்காது, கடல் வழக்கத்திலும் நிற்காது.

---

சின்னப்பாலம்_மின்னணு

அப்ப ஏறிட வேண்டியதுதானே, எதுக்குக் காத்திருக்கணும்? சார் சொன்னதும் டிரைவர் அண்ணன் சொன்னதும் ஒண்ணுக்கொண்ணு இடிக்குதே.

---

வாத்தியார்_உச்சிப்புளி

நல்ல கேள்வி. இடிக்கவில்லை, நடுவில் மின்சாரம் இருக்கிறது. புதிதில் 110 வாட். புளூட்டோனியம்-238இன் அரைவாழ்வு 87.7 ஆண்டு. சனிக்கு ஏழு ஆண்டுப் பயணம், அதற்குள் அணுச்சிதைவாலும் வெப்பத்தை மின்சாரமாக்கும் பாகங்கள் தேய்வதாலும் நூறுக்குக் கீழே வந்துவிடும். அதில்தான் மூளை, ஒலிமானி, கருவிகள், ரேடியோ, புரொப்பெல்லர் எல்லாம் பிழைக்கவேண்டும்.

திரவத்தில் ஓடத் தேவைப்படும் திறன் வேகத்தின் முப்படியில் ஏறும். வேகம் பாதியானால் செலவு எட்டில் ஒன்று. எதிர் ஓட்டத்தில் முழு வேகத்தில் ஏறினால் அத்தனை நாளும் ரேடியோவை அணைத்துவைக்க வேண்டிவரும். ஓட்டத்தோடு போனால் புரொப்பெல்லரை ஏறக்குறைய மறந்துவிட்டு வழி நெடுக அடித்தரையை அளந்துகொண்டே போகலாம். முடியுமா முடியாதா என்பதல்ல, அறிவியல் வேண்டுமா வேகம் வேண்டுமா என்பதுதான் கேள்வி.

---

மண்டபம்_டிரைவர்

முப்படி எல்லாம் எனக்குத் தெரியாது சார். ஆனா எக்ஸிலேட்டரைக் கொஞ்சம் தாழ்த்தினா டீசல் பாதிக்கும் கீழ போறது எல்லா டிரைவருக்கும் தெரியும். தம்பி, சாரு சொன்னதை எழுது.

ஒரு விஷயம் மட்டும் பார்த்துக்க. ஓட்டத்தோடயே மிதந்து போற படகுக்குச் சுக்கான் பிடிக்காது. தண்ணி உன்கூடவே வந்துச்சுன்னா சுக்கானைத் தடவிப் போக எதுவும் இல்ல, நீ எப்படித் திருப்பினாலும் படகு குறுக்க விழும். கொஞ்சமாவது முன்ன தள்ளிக்கிட்டே இருக்கணும். புரொப்பெல்லரைச் சுத்தமா நிறுத்திறாத.

---

பாம்பன்_வாடை

சரி, நாலாவது அத்தியாயத்தைத் திருப்பி எழுதறேன். தெற்கு வாயில்ல வந்து நிக்குறா, ஓட்டம் எதிரா இருக்கு, எட்டு நாள் காத்திருக்கணும். மண்டபத்துல அந்தப் பொண்ணும் காத்திருக்கா. ரெண்டு பேருக்கும் நடுவுல 80 நிமிஷம். பிடிச்சிருக்கு எனக்கு.

ஆனா எங்க நிக்கறது? நங்கூரம் போடலாமா?

---

தேவிபட்டினம்_தச்சு

நங்கூரத்தோட கனம் ஏழுல ஒண்ணாயிடும். மீத்தேன்ல மிதப்பு கொஞ்சம் கழியும். சங்கிலியோட கனமும் அதே கதை. ஆனா ஓட்டம் கலத்தைத் தள்ளுற விசை ஈர்ப்பைப் பார்க்காது, திரவத்தோட அடர்த்தியையும் வேகத்தையும்தான் பார்க்கும். தள்ளுறது பாதியளவாவது இருக்கும், பிடிக்கறது ஏழுல ஒண்ணு. நங்கூரம் தரையில தத்தித் தத்திக்கிட்டே போகும். இங்க இருபது கிலோ போதும்னா அங்க அதுமாதிரி மூணு நாலு வேணும். எடைக்கு எங்க போவ?

---

கடலாடி_குமரன்

அப்ப தொட்டியில திரவத்தை ரொப்பி அடியில போய்ப் படுத்துக்கட்டும். ஈர்ப்பு பத்திப் பேசமாட்டேன், சத்தியமா.

---

கீழக்கரை_சங்கு

படுக்கலாம். ஆனா அடி என்னன்னு தெரியுமா? மேலேர்ந்து விழுற கரிமத் தூசி எல்லாம் சேர்ந்து களியா கிடந்தா பிடிச்சுக்கும். நாங்க சேத்துல காலை வைக்க மாட்டோம். முட்டி வரை போச்சுன்னா மூச்சு முடியுறதுக்குள்ள உருவ முடியாது. அதோட சூடு 2000 வாட்டுங்கறாங்க, களிக்குள்ள புதைஞ்சா அந்தச் சூடு எங்க போகும்?

---

சின்னப்பாலம்_மின்னணு

எங்க அம்மா பாசி எடுக்கப் போறவங்க. ஓட்டம் இருக்கிற நாள்ல எப்படி நிக்குறாங்கன்னு சொல்றேன். நங்கூரமும் இல்ல, படுக்கறதும் இல்ல. முங்கினதும் இடது கை நேரா பாறையைப் பிடிக்கும். உடம்பு கொடி மாதிரி ஓட்டத்தோட பக்கம் நீண்டு கிடக்கும். வலது கை மரிக்கொழுந்துப் பாசியைப் பறிச்சு இடுப்புப் பையில போடும். விரல் வெட்டுப்படாம இருக்க துணியைச் சுத்தியிருப்பாங்க. கால்ல கட்டின தகரத் தட்டைத் திருப்பித்தான் உடம்பை நேரா வச்சுக்குவாங்க. பிடி விட்டா அவ்வளவுதான், பத்து பாகம் தள்ளிப் போயித்தான் தலை தெரியும்.

ஆவுளியாவுக்கு ஒரு கை கொடுங்க. பிடிக்க மட்டும் ஒரு கை.

---

மண்டபம்_டிரைவர்

தங்கச்சி சொன்னது சரியான பேச்சு. ஓட்டம் உள்ள வாய்க்கால்ல அடி சேறா இருக்காது, அரிச்சுக்கிட்டுப் போயிடும். பாம்பன் கால்வாயிலயும் அடி பார் (பாறைத்தரை)தான். பிடிக்க இடம் கிடைக்கும்.

---

வாத்தியார்_உச்சிப்புளி

அங்கே பார் என்றால் தண்ணீர்ப் பனிக்கட்டி. மைனஸ் 179இல் அது கருங்கல் போல இறுகிக் கிடக்கும். ஹைகன்ஸ் இறங்கிய இடத்தில் எடுத்த படத்தில் உருண்டைக் கற்களாகத் தெரிந்தவை பெரும்பாலும் அந்தப் பனிக்கட்டி என்றுதான் கருதுகிறார்கள். நீரிணையின் அடியில் இப்படி வெற்றுப்பாறை இருக்கும் என்று யாரும் பார்த்ததில்லை, ஆனால் கதைக்கு நியாயமான ஊகம்.

கையைச் சாதாரண இரும்பில் செய்யாதீர்கள். அந்தக் குளிரில் சாதாரண எஃகு கண்ணாடிபோல நொறுங்கும். 304 வகை எவர்சில்வர் தாங்கும், டைட்டானியமும் தாங்கும். ரப்பர் வளையம் எதுவும் எங்கேயும் இருக்கக்கூடாது.

---

தொண்டி_ரேடியோ

கை இருக்கட்டும், சூட்டைக் கவனியுங்கள். வெப்பம் கை வழியாக இறங்கி விரல் நுனியில் குமிழி கிளப்பினால் பிடி வழுக்கும். தோள்பட்டையில் வெப்பம் கடத்தாத ஒரு துண்டைச் செருகுங்கள், கண்ணாடியிழை போதும்.

கேட்கும் ஆண்டெனாவையும் முடிவு செய்யுங்கள். பெங்களூருவுக்குப் பக்கத்தில் பைலாலுவில் இருக்கும் இஸ்ரோவின் 32 மீட்டர் தட்டு மட்டும் என்றால் தரவு சொட்டுச் சொட்டாகத்தான் வரும். நாசாவின் 70 மீட்டர் தட்டுகளில் நேரம் வாங்கினால் பரப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு.

ரேடியோ வாய்க்கால் (சேனல்) இரண்டு வையுங்கள், இரண்டையும் இயக்கக் கட்டளை போயிற்றா என்று மூன்று பேரை வைத்துப் பாருங்கள். ஹைகன்ஸ் இரண்டு வாய்க்காலில் அனுப்பியது. அதில் ஒன்றைக் கேட்கும்படி காசினிக்குக் கட்டளையே போகவில்லை. எடுத்த 700 படத்தில் பாதி அப்படியே போய்விட்டது.

---

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. கலாம் பிறந்தநாள் தொடர்பான பதினொரு பதிவுகளைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். புதிய ரயில் பாலத்தையும் பழைய பாலத்தையும் ஒப்பிட விரும்புகிறவர்களும் அங்கேயே போகவும்.

---

தேவிபட்டினம்_தச்சு

கைக்கு ஒரு கேள்வி. மின்சாரம் நின்னு போச்சுன்னா விரல் மூடி நிக்குமா, திறந்து நிக்குமா? இதை முதல்ல முடிவு பண்ணு, அப்புறம் வரை.

---

பாம்பன்_வாடை

மூடித்தானே இருக்கணும்? இல்லாட்டி ஓட்டத்துல போயிடுவாளே.

---

சின்னப்பாலம்_மின்னணு

இல்ல அண்ணா, திறந்துதான் இருக்கணும். மூடி நின்னா மூளை மறுபடி விழிச்சாலும் அவ பாறையோட பாறையா அடியிலயே கிடப்பா, மேல வர வழி இல்ல. திறந்தா ஓட்டம் அடிச்சுக்கிட்டுப் போகும், தொட்டியும் தானா காலியாகிற மாதிரி வச்சா மேல மிதந்து வந்துடுவா. எங்க போனாலும் மேற்பரப்புல இருந்தா பூமி பார்க்கும். ஸ்பிரிங் விரலைத் திறந்தே வைக்கட்டும், மோட்டார்தான் மூடிப் பிடிக்கணும்.

---

வாத்தியார்_உச்சிப்புளி

எட்டு நாள் மோட்டார் மூடிப் பிடித்தால் எத்தனை வாட்? மறுபடி மின்சாரத்தில் வந்து நிற்கிறோம்.

---

சின்னப்பாலம்_மின்னணு

மோட்டார் ஒரு தடவை மூடிட்டு நின்னுடட்டும் சார். மூடின விரலைப் பிடிச்சு வைக்க ஒரு சின்ன மின்காந்தக் கொக்கி போதும், அரை வாட்டுக்குள்ள முடிச்சிடலாம். மின்சாரம் போனா கொக்கி விழும், ஸ்பிரிங் திறக்கும். விரல் மூணு வைங்க. ரெண்டுன்னா வழுக்கும், நாலாவது சும்மா எடை.

---

பாம்பன்_வாடை

மூணு விரல், திறந்த ஸ்பிரிங், மின்காந்தக் கொக்கி. எழுதிக்கிட்டேன். டிரைவர் அண்ணே, ஓட்டம் மாறுதுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? நாள்கணக்கு வச்சா போதுமா?

---

மண்டபம்_டிரைவர்

கணக்கை நம்பாத. அமாவாசை, பௌர்ணமி பார்த்துக் கணக்கு வச்சாலும் காத்து கூடினா ஒரு மணி நேரம் முன்ன பின்ன ஆகும். அந்தக் கை எவ்வளவு இழுபடுதுன்னு தோள்ல ஒரு அளவுகோல் வை. இழுவை குறைஞ்சுக்கிட்டே வந்து, வால் ஒரு பக்கமா தளர்ந்து, கலம் தன்பாட்டுக்குச் சுத்த ஆரம்பிக்கும். அப்ப விடச் சொல்லு. முழுசாத் திரும்பி மறுபக்கம் இழுக்கற வரைக்கும் காத்திருந்தா, கை முறுக்கிக்கும்.